தொடரின் நாயகன் விலகினால் என்ன செய்வது? ரெட் ட்வார்ஃப், சம்மர் வைன் பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி

பெஞ்சுக்காரன், தக்கலை:

வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு சாயாக்கடையை மையமாக வைத்து எடுக்கும் யூடியூப் நகைச்சுவைத் தொடர் பற்றிய கேள்வி இது. எபிசோடு 12 நிமிடம். நிரந்தரப் பாத்திரங்கள் மூன்று: கடைக்காரர், ரிட்டயர்டு ஹெட் கிளார்க், ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு திட்டத்தோடு வந்து மற்ற இருவரையும் வம்பில் மாட்டிவிடுகிறவர் அண்ணாச்சிதான். ஜனங்கள் பார்ப்பதும் அவருக்காகத்தான்.

அந்த நடிகர் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சவுதிக்கு வேலைக்குப் போகிறார். மனக்கசப்பு எதுவும் இல்லை. போவதற்கு முன் ஐந்து நாள் ஷூட்டிங்குக்கு வருகிறேன் என்கிறார். குழுவில் மூன்று கருத்து ஓடுகிறது. அதே பாத்திரத்துக்கு வேறு நடிகரைப் போடுவது, பாத்திரத்தைச் சாகடிப்பது, ஊரைவிட்டு அனுப்பிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவருவது.

பிரிட்டிஷ் சிட்காம்கள் (டிவி நகைச்சுவைத் தொடர்கள்) பல வருடம் ஓடியவை, இந்தச் சிக்கலைப் பலமுறை சந்தித்தவை. விண்வெளிக் கப்பலில் நடக்கும் 'ரெட் ட்வார்ஃப்' 1997-இல் கிறிஸ் பேரி விலகியதும் தடுமாறியது. 'லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்' மூன்று நான்கு முறை ஆளை மாற்றியும் 2010 வரை ஓடியது. ஏன் இந்த வித்தியாசம்? எங்களுக்கு எந்த வழி பொருந்தும்? கையில் இருக்கும் ஐந்து நாளில் எதை எடுத்து வைக்கவேண்டும்? ஒரு கேமரா, இரண்டு காலர் மைக், அவ்வளவுதான் வசதி.

முட்டம் கலங்கரை:

தம்பி, முதலில் ரெட் ட்வார்ஃபைப் பிரித்துப் பார்ப்போம். "நாயகன் போனான், தொடர் படுத்தது" என்று ஒரே வரியில் முடித்தால் உங்களுக்கு அதிலிருந்து கிடைக்கவேண்டிய பாடம் கிடைக்காது.

ஏழாவது சீரிஸ் (சீசனைத்தான் பிரிட்டனில் சீரிஸ் என்பார்கள்) 1997 ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தையது 1993-இல் முடிந்தது, ஆக மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி. தொடரை உருவாக்கிய இரண்டு எழுத்தாளர்களில் ராப் கிராண்ட் விலகியிருந்தார். டக் நெய்லர் வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு எழுதினார். பார்வையாளர்கள் முன்னால் நடிப்பதையும் அந்த முறை விட்டுவிட்டார்கள். எடுத்து முடித்தபின் ஜனங்களுக்குப் போட்டுக்காட்டி அந்தச் சிரிப்பைச் சேர்த்தார்கள். இதற்கெல்லாம் மேலே, எட்டு எபிசோடில் நான்கில் மட்டும்தான் கிறிஸ் பேரி வருகிறார். அதே காலத்தில் அவர் 'த பிரிட்டாஸ் எம்பயர்' தொடருக்கும் நாயகன். இரண்டு தோளிலும் சுமை. ஆக எழுத்து, எடுக்கும் முறை, நடிகர் மூன்றும் ஒரே சீரிஸில் மாறின. உங்களுக்கு முதல் எச்சரிக்கை இதுதான். அண்ணாச்சி போகும் அதே மாதத்தில் புதுக் கேமரா, புது டைட்டில் இசை, எபிசோடு நீளத்தை 20 நிமிடமாக்குவது என்று எதையும் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாறவேண்டும்.

இப்போது உள்விஷயம். ரெட் ட்வார்ஃபில் லிஸ்டரும் ரிம்மரும் ஒரே அறையில் மேல்படுக்கை கீழ்படுக்கையில் கிடந்து சண்டை போடுகிறவர்கள். ஒருவன் அழுக்கன், சோம்பேறி, நல்ல மனசுக்காரன். இன்னொருவன், கிறிஸ் பேரி நடித்த ரிம்மர், சட்டம் பேசும் கோழை. ஒருவரையொருவர் சகிக்கமுடியாது, விட்டுப்போகவும் இடமில்லை. விண்வெளியில் வேறு மனுஷனே கிடையாது. தொடரை ஓட்டிய எஞ்சின் இந்த உரசல். ரிம்மர் போனதும் அந்த இடத்துக்குக் கோச்சான்ஸ்கியாகக் க்ளோயி ஆனெட் வந்தார். அவர் மோசமாக நடிக்கவில்லை. ஆனால் லிஸ்டருக்கு அவள்மேல் ஆசை, அவளோடு அவன் எப்படிச் சண்டை போடுவான்? சண்டையை ரோபோ க்ரைட்டன் தலையில் கட்டினார்கள், பொறாமை என்ற பேரில். ஒரே பொறாமையை எபிசோடுக்கு எபிசோடு எத்தனை முறை காட்டமுடியும்?

ஐந்தாவது எபிசோடான 'ப்ளூ'வைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ரிம்மர் இல்லாமல் லிஸ்டர் ஏங்குகிறான். அந்த ஏக்கத்தைத் தீர்க்க, ரிம்மரின் டைரிக்குறிப்புகளை வைத்தே க்ரைட்டன் ஒரு சவாரி செய்து கொடுக்கிறான். சின்னப் பெட்டியில் உட்கார்ந்து போனால் வழியெல்லாம் குட்டி ரிம்மர் பொம்மைகள் தன் புகழைத் தானே பாடுகின்றன. அந்த சீரிஸிலேயே வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் இடம் அது. இல்லாத ஆள் பொம்மையாக வந்து, இருக்கிறவர்களைவிட அதிகம் சிரிக்கவைத்தான். எஞ்சின் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. 1999-இல் எட்டாவது சீரிஸில் ரிம்மரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், பார்வையாளர் முன்னால் நடிக்கும் முறையையும் சேர்த்து. 2012-இல் வந்த பத்தாவது சீரிஸிலிருந்து பழைய குழுதான்.

சம்மர் வைன் இதற்கு நேர் எதிர். 1973-இல் தொடங்கி 31 சீரிஸ், 295 எபிசோடு, அத்தனையும் எழுதியது ராய் கிளார்க் ஒருவரே. யார்க்ஷயரில் ஹோம்ஃபர்த் என்கிற ஊரில் மூன்று வயசாளிகள் வேலைவெட்டி இல்லாமல் சுற்றுவதுதான் கதை. காம்போ அழுக்குப் பையன், கிளெக் எதற்கும் ஒதுங்கி நின்று பேசுகிறவர். மூன்றாவது ஆள் தலைவன் என்று தன்னையே நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர். உங்கள் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பது சரியாக இந்த மூன்றாவது நாற்காலியில்தான்.

அந்த நாற்காலியில் முதலில் மைக்கேல் பேட்ஸ். நம் நாட்டில், ஜான்சியில் பிறந்தவர். உடல்நலம் இல்லாமல் இரண்டு சீரிஸோடு விலகினார். 1976-இல் ப்ரையன் வைல்டு, 1986-இல் மைக்கேல் ஆல்ட்ரிஜ், 1990-இல் மறுபடி ப்ரையன் வைல்டு, 1997-இலிருந்து ஃபிராங்க் தார்ன்டன். கவனிக்கவேண்டியது, எல்லோருக்கும் வேலை ஒன்று, கர்வம் வேறு வேறு. பிளாமைருக்கு (பேட்ஸ்) தான் மற்ற இருவரையும்விட மேலானவன் என்ற நினைப்பு. ஃபாகி (வைல்டு) பட்டாளத்துக் கதை அளப்பவன். சீமோர் (ஆல்ட்ரிஜ்) ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், விஞ்ஞானி என்ற எண்ணம். ட்ரூலி (தார்ன்டன்) பழைய போலீஸ். திட்டம் தோற்பது எப்போதும்போல. எந்தக் கர்வம் உடைகிறது என்பது மட்டும் மாறுகிறது. அதனால் காம்போவுக்கும் கிளெக்குக்கும் பேச்சு தீரவே இல்லை.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்வது: ஆளுக்குப் பதில் ஆள் தேடாதீர்கள். முதலில் கடைசிப் பத்து எபிசோடு ஸ்கிரிப்டை எடுத்து நான்கு கலர் பென்சிலால் கோடு போடுங்கள். திட்டத்தைக் கொண்டுவரும் வரிக்குச் சிவப்பு, வேண்டாம் என்று தடுக்கும் வரிக்கு நீலம், மாட்டிக்கொண்டு அவஸ்தைப்படும் வரிக்குப் பச்சை, வெளியே நின்று கமென்ட் அடிக்கும் வரிக்குக் கறுப்பு. அண்ணாச்சியின் வரிகள் பெரும்பாலும் சிவப்பாக வந்தால் பிழைத்தீர்கள், அந்த நாற்காலியில் வேறு கர்வம் உள்ள ஒருவரை உட்காரவைக்கலாம். சிவப்பும் பச்சையும் சரிபாதி வந்து, கடைக்காரரின் நீலம் முழுக்க அவரைப் பார்த்தே இருந்தால் உங்கள் கையில் இருப்பது லிஸ்டர்-ரிம்மர் மாதிரி ஜோடி. அப்படியானால் புது ஆளை எழுதும் முன் கடைக்காரருக்கு வேறு யாரோடு சண்டை என்பதை முடிவு செய்யவேண்டும். ஹெட் கிளார்க் இப்போதே கடையில் இருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குங்கள்.

குலசேகரம் ரீல்:

கலங்கரை அண்ணன் சொன்னதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மற்ற இரண்டு வழிகளையும் அவர் தொடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதே பாத்திரத்துக்கு வேறு நடிகர். பிரிட்டனில் இது நடந்திருக்கிறது. 'குட்நைட் ஸ்வீட்ஹார்ட்' 1997-இல் நான்காவது சீரிஸில் நாயகனின் இரண்டு மனைவி வேடத்துக்கும் வேறு நடிகைகளைப் போட்டார்கள், தொடர் 1999 வரை ஓடியது. அங்கே கதையைத் தாங்கியவர் நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட், அவர் மாறவில்லை. ''அலோ 'அலோ' கடைசி சீரிஸில் கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) அதிகாரி ஃபிளிக் வேடத்துக்கு வேறு ஆள் வந்தபோது பிளாஸ்டிக் சர்ஜரி என்று சொல்லித் தாண்டினார்கள். எதையும் மிகைப்படுத்தும் தொடர் என்பதால் அங்கே அது செல்லும். சாயாக்கடையில் நடக்கும் உங்கள் தொடரில் செல்லாது. நாயகன் முகத்தை மாற்றினால் ஒவ்வொரு எபிசோடின் கமென்ட் பகுதியும் பழைய ஆளோடு ஒப்பிடும் இடமாகிவிடும். புது நடிகர் நன்றாகச் செய்தாலும் அவருக்குப் பேர் கிடைக்காது. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

சாகடிப்பது. இதில் இரண்டு வகையை ஒன்றாகக் குழப்பக்கூடாது. நடிகரே இறந்துபோனால் வேறு வழியில்லை, அதை மரியாதையோடு செய்த தொடர்கள் உண்டு. 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தாத்தாவாக நடித்த லென்னார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தார். எழுத்தாளர் ஜான் சல்லிவன் அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. அடக்கத்தையே ஒரு எபிசோடாக எழுதி, அந்தச் சாவு வீட்டிலேயே ஆல்பர்ட் மாமாவை அறிமுகப்படுத்தினார். ஏற்கனவே தாத்தாவை வைத்து எடுத்த காட்சிகளை மாமாவை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். சம்மர் வைனில் காம்போவாக நடித்த பில் ஓவன் 1999 ஜூலையில் இறந்தபோது மூன்று எபிசோடு முழுக்கப் பிரிவுக்கே ஒதுக்கினார் ராய் கிளார்க். பிறகு ஓவனின் மகன் டாமையே கொண்டுவந்தார்கள். ரத்த உறவு இருந்தும் அப்பாவின் நாற்காலியில் அவர் நிலைக்கவில்லை. பக்கத்துப் பாத்திரமாகத்தான் கடைசிவரை இருந்தார். ஜனங்களுக்குப் பிடித்தவரின் சாயல் உள்ளவரைக் கொண்டுவந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

நடிகர் நல்லா உயிரோடு இருக்கும்போது பாத்திரத்தைச் சாகடிப்பது வேறு கதை. 'டூ பைன்ட்ஸ் ஆஃப் லாகர்' தொடரில் ரால்ஃப் லிட்டில் ஆறாவது சீரிஸோடு விலகினார். அவர் நடித்த ஜானி கேமராவுக்கு வெளியே இறந்ததாகச் சொல்லி 2008-இல் அடுத்த சீரிஸைத் தொடங்கினார்கள். தொடர் 2011 வரை போனது, ஆனால் துக்கத்தோடு நகைச்சுவையை ஆரம்பிக்கவேண்டிய பாரம் எழுத்தாளர் தலையில் விழுந்தது. உங்களுக்கு 12 நிமிடம்தான். அதில் ஒரு சாவைச் சொல்லி, மற்ற இருவரையும் அழவைத்து, சிரிக்கவும் வைக்கமுடியாது. அதோடு, சவுதியிலிருந்து லீவில் வரும்போது அவர் இரண்டு நாள் வந்து நடித்துக்கொடுக்கத் தயாராக இருப்பார். செத்துப்போன அண்ணாச்சியை எப்படிக் கொண்டுவருவீர்கள்?

அதனால்தான் சம்மர் வைனில் ஃபாகியை அனுப்பிய விதம் எனக்குப் பிடிக்கும். பிரிட்லிங்டன் என்ற ஊருக்கு, குடும்பத்து முட்டை வண்ணம் தீட்டும் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார் என்றார்கள். விளையாட்டான காரணம், ஆனால் கதவைச் சாத்தவில்லை. சில வருடம் கழித்து நடிகர் திரும்ப வந்தபோது ஒரு கேள்வியும் எழவில்லை. அந்த எபிசோடில் சீமோர் பஸ் ஏறிப் போகிறார், ஃபாகி வந்து சேருகிறார். பஸ் ஸ்டாப்பிலேயே நாற்காலி கைமாறுகிறது.

'மென் பிஹேவிங் பேட்லி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992-இல் முதல் சீரிஸோடு ஹாரி என்ஃபீல்டு விலகினார், அன்றைக்கு அவர்தான் பெரிய பேர். இரண்டாவது சீரிஸில் நீல் மோரிசி வந்தார், கதையில் காரணம் மிகச் சின்னது: வாடகையைப் பங்குபோட ஆள் வேண்டும். பிறகு 1998 வரை ஓடி, ஜனங்கள் நினைவில் நிற்பது அந்த இரண்டாவது ஜோடிதான். ஆக, புது ஆள் கடைக்கு ஏன் வருகிறார் என்பதற்குக் காரணம் ஒரு வரியில் முடியவேண்டும். வாராவாரம் திரும்ப வருவதற்கும் அதே காரணம் போதுமானதாக இருக்கவேண்டும்.

வடசேரி டைம்லைன்:

கதைப்பக்கம் இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் ஐந்து நாள் ஷூட்டிங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்து நாளும் முழுக்காட்சிகளாக எடுத்துக் குவித்தால் வீண். முதல் இரண்டு நாள் அவர் விடைபெறும் எபிசோடு. மூன்றாம் நாள், புது ஆளும் அவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் எபிசோடு. கதை வரிசையில் இது முன்னால் வரவேண்டும். ஜனங்கள் புது ஆளை அண்ணாச்சி கண்ணால் முதலில் பார்க்கட்டும். நான்காம் நாள் போன் காட்சிகள். ஐந்தாம் நாள் காலை குரல், மதியம் ஸ்டில், சாயங்காலம் முதல் மூன்று நாளில் விட்டுப்போன ஷாட். அந்தச் சாயங்காலத்தைக் காலியாகவே வையுங்கள், நிச்சயம் தேவைப்படும். இதற்காக மூன்றாம் நாள் இரவே முதல் இரண்டு எபிசோடையும் ரஃப் கட் (தோராயமான முதல் எடிட்) செய்து பார்த்துவிடவேண்டும்.

நான்காம் நாள்தான் உங்கள் சேமிப்பு. சவுதி அறை என்று நம்பவைக்க ஒரு இரும்புக் கட்டில், வெள்ளைச் சுவர், வெள்ளை ட்யூப் லைட் போதும். சுவரில் காலண்டர், கடிகாரம், பண்டிகை அலங்காரம் எதுவும் வேண்டாம்; அவை தேதியைக் காட்டிக்கொடுக்கும். சட்டை மூன்று, கட்டம் போடாத ஒற்றை நிறம். ஒவ்வொரு சட்டையிலும் இருபது இருபத்தைந்து வரி. வரிகள் எந்த விஷயத்தையும் பேர் சொல்லக்கூடாது. "என்னடே, இப்பம் எங்க நிக்க?", "அத நான் அப்பமே சொன்னேன் இல்லியா", "அவன நம்பாத", "வச்சிரு, பொறவு விளிக்கேன்" இந்த மாதிரி. ஒவ்வொன்றும் சிரித்தபடி ஒரு தடவை, எரிச்சலோடு ஒரு தடவை. வரிக்கு முன்னும் பின்னும் மூன்று வினாடி சும்மா கேமராவைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று வினாடி இல்லாவிட்டால் எதிர்முனை ஆள் பேசும்போது காட்ட முகமே இருக்காது, எடிட்டில் கை கட்டிப்போடும். பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் முகம் சட்டைக்கு இரண்டு நிமிடம் தனியாக எடுங்கள்.

குரலுக்கு மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் நிற்கட்டும். கடையில் எடுக்கும்போது எந்த மைக்கோ அதே மைக். 48 கிலோஹெர்ட்ஸ், சத்தமான இடம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். ஃபேன், ஃபிரிட்ஜ் நிறுத்திவிட்டு, யாரும் பேசாத வெறும் அறைச்சத்தம் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிற்பாடு வரிகளுக்கு இடையே இட்டு நிரப்ப அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் விழும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை உள்ள இடம் வேண்டாம். டிசம்பரில் சாயங்கால மழை வந்தால் அரை நாள் போய்விடும், கான்கிரீட் வீட்டின் உள்ளறை பாருங்கள். சிரிப்பு, கனைப்பு, "ம்ம்", "அய்யோ", தூரத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது, இவையும் வேண்டும்.

அவர் சவுதியிலிருந்து போனிலேயே எடுத்து அனுப்புவதாகச் சொன்னால் இன்னொன்று கவனிக்கவேண்டும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சவுதியில் 60. இங்கே பழக்கமான 1/50 ஷட்டரில் அங்குள்ள ட்யூப் லைட்டின் கீழ் எடுத்தால் படத்தில் பட்டை ஓடும். ஷட்டரை 1/60 வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். போன்கள் தானாக வினாடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும். உங்கள் டைம்லைன் 25 என்றால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும், அவர் போனில் 25 இருந்தால் அதைப் பூட்டிவிடவேண்டும். படுக்கவசமாகப் பிடித்து, கண் மட்டத்தில் ஸ்டாண்டில் வைத்து எடுக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்டாகவோ டிரைவ் லிங்காகவோ வாங்குங்கள்.

பெஞ்சுக்காரன், தக்கலை:

மூவருக்கும் மிக்க நன்றி. பென்சில் வேலையை முடித்துவிட்டோம், அண்ணாச்சி வரிகள் பெரும்பாலும் சிவப்புதான். சாகடிக்கும் யோசனையைக் கைவிட்டாகிவிட்டது.

புது ஆளாக நாங்கள் நினைப்பது களியக்காவிளைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர். நடிப்பவருக்கு விளவங்கோடு பேச்சு இயல்பாக வரும், மற்ற இருவரும் நாகர்கோவில் பேச்சு. இது பொருந்துமா? அவருக்கு முதல் எபிசோடுகளை எப்படி எழுதுவது? இன்னொரு சந்தேகம்: கடைக்குப் பின்னால் ரப்பர் தோட்டம், எல்லா பெஞ்ச் காட்சியிலும் அது தெரியும். டிசம்பரில் எடுத்ததையும் பிப்ரவரியில் எடுப்பதையும் சேர்த்து வெட்டலாமா?

வடசேரி டைம்லைன்:

ரப்பர் பின்னணியோடு சேர்த்து வெட்டமுடியாது. டிசம்பர் கடைசியில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும், ஜனவரியில் தோட்டம் மொட்டையாக நிற்கும், பிறகு வரும் தளிர் செம்பு நிறம். அபெர்ச்சரைத் திறந்து பின்னணியை மங்கலாக்கினாலும் அந்த நிறம் தெரியும். நிழலும் மாறிவிடும். இலை இருக்கும்போது பெஞ்சில் விழும் வெளிச்சம் பச்சையாக, மென்மையாக இருக்கும்; உதிர்ந்தபின் பத்து மணிக்கே மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல். ஐந்து நாளிலும் பெஞ்ச் காட்சியைத் தோட்டத்துக்கு முதுகு காட்டி, கடைச் சுவரையும் பாய்லரையும் பார்த்து எடுங்கள். தோட்டம் தெரிந்தே ஆகவேண்டிய காட்சி இருந்தால் அதை விடைபெறும் எபிசோடுக்குள்ளேயே முடித்துவிடுங்கள், அதை வேறெதோடும் வெட்டிச் சேர்க்கவேண்டியிராது.

முட்டம் கலங்கரை:

டீச்சர் யோசனை நன்றாக இருக்கிறது. பேச்சு வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது உங்களுக்கு லாபம். கொச்சையைக் கேலி செய்யும் நகைச்சுவையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். மேற்குப் பக்கத்து ஜனங்கள் உடனே விலகிப் போவார்கள், உங்கள் பார்வையாளர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். ஒரே விஷயத்தை அவர் சொல்லும் வேகமும் ஹெட் கிளார்க் சொல்லும் வேகமும் வேறாக இருப்பது போதும்.

அவருடைய கர்வம் என்ன என்பதை முதலில் எழுதி வையுங்கள். டீச்சர் என்பது தொழில், அதில் கர்வம் தானாக வராது. "எந்தப் பிரச்சினையையும் சரியாகக் கணக்குப்போட்டால் தீர்க்கலாம்" என்று நம்புகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் திட்டங்கள் பேராசையால் தோற்றன, இவருடையவை அளவுக்குமீறிய ஒழுங்கால் தோற்கும். கடைக்காரர் அண்ணாச்சியிடம் "பைசா போயிருமே" என்று பயந்தவர். டீச்சரிடம் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டிய பழைய மாணவனாக மாறிவிடுவார். நிரந்தர ஆள் இருவருக்கும் புது முகம் கிடைத்தால்தான் வந்தவர் நிலைப்பார்.

அவர் அண்ணாச்சியோடு பெஞ்சில் இருக்கும் எபிசோடில் திட்டம் எதுவும் போடவேண்டாம், அண்ணாச்சி திட்டத்தில் ஒரு கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டினால் போதும், அதை யாரும் கேட்கவில்லை என்று இருக்கட்டும். அண்ணாச்சி போனபின் வரும் முதல் எபிசோடில் அவர் தோற்கவேண்டும், ஜனங்கள் முன்னால், சத்தமாக. புதிதாக வந்தவர் வந்த உடனே ஜெயித்தால் பார்க்கிறவர்களுக்கு ஒட்டாது. முழுத்திட்டம் அவர் கையில் வருவது அதற்கடுத்த எபிசோடில். அண்ணாச்சியின் பேர் இந்த எபிசோடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு தடவைதான் வரட்டும், பிறகு கொஞ்ச நாள் வரவே வேண்டாம். போன் ஷாட்களை உடனே செலவழிக்காதீர்கள். டீச்சர் நிலைத்தபின் முதல் போன் வந்தால் சந்தோஷமாக இருக்கும். அதற்கு முன் வந்தால் ரிம்மர் பொம்மை கதைதான், புது ஆள் காணாமல் போய்விடுவார். அண்ணாச்சியின் வழக்கமான வசனத்தையும், அவர் உட்காரும் பெஞ்சின் மூலையையும் டீச்சருக்குக் கொடுக்காதீர்கள். அவருக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள்.

குலசேகரம் ரீல்:

விடைபெறும் எபிசோடை வருடக் கடைசி எபிசோடாகப் போடும் எண்ணம் இருந்தால் மாற்றிவிடுங்கள். அதன்பின் ஒரு மாதம் இடைவெளி விட்டால், தொடரே முடிந்துவிட்டது என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த வாரமே டீச்சர் எபிசோடு வரவேண்டும், அதாவது அண்ணாச்சி விமானம் ஏறும் முன்னே அது எடிட் முடிந்து கையில் இருக்கவேண்டும். டைட்டிலில் மூன்று பேரும் வரும் ஷாட்டையும் அதே எபிசோடிலிருந்து மாற்றுங்கள். பழைய டைட்டிலை ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு வாரமும் அவர் வருவார் என்று எதிர்பார்த்து ஏமாறுவார்கள். தம்ப்நெயிலிலும் அப்படியே, அவர் இல்லாத எபிசோடுக்கு அவர் முகம் வேண்டாம்.

கடைசியாக, அவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், எவ்வளவு நெருங்கின பழக்கமாக இருந்தாலும். போனில் பேசும் ஷாட்கள், குரல், ஸ்டில் எல்லாவற்றையும் இந்தத் தொடரில் மட்டும் எத்தனை வருடம் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்கு எடுத்தால் தனியாகக் கேட்கவேண்டும், அவர் குரலைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிப் புது வரி பேசவைக்கக்கூடாது, பணம் எவ்வளவு அல்லது இல்லை, இவ்வளவும் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, இருவரும் இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்று. சவுதியில் அவர் சேரும் கம்பெனியின் ஒப்பந்தத்தில் வெளியே வேறு வேலை செய்யக்கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அங்கிருந்து புதிதாக எதையும் எடுத்து அனுப்பச் சொல்லவேண்டாம், நான்காம் நாள் எடுத்ததை வைத்தே ஓட்டுங்கள்.